உச்சி வெயிலுக்குப் பிறகுதான் உச்சச் சூடு

இரண்டு தாமதங்கள்

மே மாதத்தில் வேலூரில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் சுமார் 12.10. நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும் அந்த நேரத்தில்தான் வெயிலுக்கு முழு வலு. அதன்பின் சூரியன் மேற்கே சாயச் சாய வெயிலின் வேகம் குறைந்துகொண்டே போகிறது. வெப்பமானி மட்டும் இறங்க மறுக்கிறது. ஒரு மணிக்கும் ஏறுகிறது, இரண்டு மணிக்கும் ஏறுகிறது. அன்றைய அதிகபட்ச வெப்பநிலை பதிவாவது பெரும்பாலும் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில்தான்.

ஆண்டுக் கணக்கை எடுத்தாலும் இதே கதை. வேலூரும் சென்னையும் ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் உள்ளன. அங்கே சூரியன் நேர் தலைக்கு மேல் வருவது ஏப்ரல் 24 வாக்கில். அக்னி நட்சத்திரமோ மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. பஞ்சாங்கப்படி கத்திரி முடிந்த பிறகு!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வடக்கே போன சூரியன் தெற்கே திரும்பும் வழியில், ஆகஸ்ட் 18 வாக்கில், மறுபடியும் அதே ஊர்களின் தலைக்கு மேல் வருகிறது. அதே செங்குத்து, அதே உச்சி. அப்போது யாரும் கத்திரி வெயில் என்று புலம்புவதில்லை.

காற்று சூடாகச் சற்று நேரம் பிடிக்கும், அதனால்தான் இந்தத் தாமதம் என்று சொல்லிவிடலாம். அது பாதி விடை. ஆகஸ்ட் புதிருக்கு அந்த விடை உதவாது. வந்த வெயில் எங்கே போனது, எவ்வளவு நேரம் எங்கே தங்கியது, எந்த வழியாக வெளியேறியது என்று கணக்குப் பார்த்தால்தான் இரண்டு புதிரும் ஒருசேர அவிழும்.

ஏரிக்கரையில் நின்று பார்த்தால்

மழைக்காலத்தில் ஒரு ஏரியைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். வரத்துக் கால்வாயில் தண்ணீர் அலைமோதி வருகிறபோது ஏரி முழு உயரத்தைத் தொடுவதில்லை. மழை ஓய்ந்து, வரத்து குறையத் தொடங்கிய பிறகும் நீர்மட்டம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கலங்கல் வழியாக வெளியேறும் நீரைவிட உள்ளே வரும் நீர் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்வரை மட்டம் ஏறும். இரண்டும் சமமாகும் நேரத்தில்தான் உச்சம். மட்டம் ஏற ஏறக் கலங்கலில் பாயும் நீரும் கூடுகிறது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தரையை ஒட்டிய காற்றின் வெப்பநிலையும் இப்படித்தான். நண்பகலில் வரவு உச்சம். இரண்டு மணிக்கு வரவு குறைந்திருந்தாலும் செலவைவிட அதிகம். ஆகவே மிச்சம் சேர்கிறது, சூடு ஏறுகிறது. மூன்று மணி வாக்கில் வரவும் செலவும் நேருக்கு நேர். பிறகு செலவு முந்துகிறது. மறுநாள் விடியும்வரை அப்படியே இறங்கி, சூரியன் எழுந்து சற்று நேரம் ஆன பிறகே மீண்டும் ஏறத் தொடங்கும். ஒரு நாளின் மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவாக இல்லாமல் விடியற்காலையாக இருப்பதும் இதனால்தான்.

மே மாதக் கதையும் இதன் நீட்சியே. ஏப்ரல் 24-க்குப் பிறகு சூரியன் வடக்கே நகர்கிறது என்றாலும், ஜூன் 21 அன்றுகூட வேலூரின் நண்பகல் வெயிலில் சாய்வினால் குறைவது இரண்டு விழுக்காட்டுக்கும் கீழேதான். பகல் பொழுதோ நீள்கிறது. ஆக, ஏப்ரல் கடைசியிலிருந்து வாரக்கணக்கில் வரவு உச்சத்தை ஒட்டியே நிற்கிறது. மேகம் வந்து குறுக்கிடும்வரை மிச்சம் சேர்ந்துகொண்டே போகிறது.

வரவு எவ்வளவு?

மின்கட்டண அட்டையில் வரும் யூனிட்டையே நம் அளவாக வைத்துக்கொள்வோம். 1000 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட்.

வளிமண்டலத்துக்கு வெளியே, கதிருக்கு நேர் எதிராகப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பலகையில் விழும் சூரியத் திறன் சுமார் 1361 வாட். பூமி தட்டையான பலகை இல்லை, உருண்டை. ஒரு நேரத்தில் பாதிக்குத்தான் பகல், அதிலும் ஓரங்களில் சாய்ந்த வெயில். உருண்டையின் முழுப் பரப்பு, அது மறிக்கும் வட்டத்தைப் போல நான்கு மடங்கு. எனவே நான்கால் வகுக்க வேண்டும். இரவு, பகல், துருவம், நடுக்கோடு எல்லாம் சேர்த்த சராசரி 340 வாட். நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல்.

இதில் சுமார் 100 வாட் வந்த வழியே திரும்பிவிடுகிறது. பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புபவை மேகங்கள்; பனிப்பரப்பும் மணலும் காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. எஞ்சிய 240 வாட்டைத்தான் பூமி உள்வாங்குகிறது. அதிலும் மூன்றில் ஒரு பங்கு காற்றிலேயே நின்றுவிட, சுமார் 160 வாட் நிலத்தையும் கடலையும் சேர்கிறது.

பூமியின் வயிற்றில் கொதிக்கும் பாறைக்குழம்பு நம்மைச் சூடாக வைத்திருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த உள்வெப்பம் மேற்பரப்புக்குக் கசிந்து வருவது சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சூரியனோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.

ஆறு யூனிட்டை எங்கே வைப்பது?

240 வாட் என்பது உலகச் சராசரி. மேகமில்லாத மே மாதப் பகல் ஒன்றில் தமிழ்நாட்டுத் தரையில் சதுர மீட்டருக்கு விழுவது சுமார் ஆறு யூனிட். அந்த ஆறு யூனிட்டை மூன்று இடங்களில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் மொட்டை மாடி. நான்கு அங்குலக் காங்கிரீட் தளத்தில் ஒரு சதுர மீட்டர் துண்டின் எடை ஏறத்தாழ 240 கிலோ. அதை ஒரு டிகிரி சூடேற்ற 0.06 யூனிட் போதும். ஆறு யூனிட்டையும் தளம் விழுங்கி, எதையும் வெளியே விடாமல் பிடித்துவைத்தால் வெப்பநிலை 100 டிகிரி ஏற வேண்டும். காலையில் 30 டிகிரி இருந்த தளம் மாலையில் 130 டிகிரி. தண்ணீர் தெளித்தால் கொதித்துப் பறக்கும்!

நடப்பில் மேல்பரப்பு 60 டிகிரி வாக்கில் நின்றுவிடுகிறது. ஏன்? ஒரு பங்கு வெயிலைத் தளம் அப்போதே எதிரொளித்துவிடுகிறது. சூடான தளத்தைத் தொட்ட காற்று சூடாகி மேலெழுந்து ஒரு பங்கைச் சுமந்து போகிறது. மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். சிவப்பு நிறத்துக்கும் அப்பால், நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளி அது. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லுக்கு அருகே கையைக் கொண்டுபோனால் தொடாமலே உறைக்கிறதே, அதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. தளம் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது வீசும் கதிர் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. மட்டம் ஏற ஏறக் கலங்கலில் பாய்ச்சல் கூடியதே, அதேதான்.

மீதி, காங்கிரீட்டுக்குள் மெல்லக் கீழே இறங்குகிறது. மிக மெல்ல. மேல்பரப்பின் உச்சச் சூடு நான்கு அங்குலம் கடந்து அடிப்பரப்புக்கு வந்துசேர இரண்டு மூன்று மணி நேரமாகும். தளத்துக்கு மேல் ஓடு பதித்திருந்தால் இன்னும் தாமதம். சூரியன் மறைந்த பிறகும் படுக்கையறை மின்விசிறி அனலை வாரி இறைப்பதற்கு இதுவே காரணம். மதியம் இரண்டு மணி வெயில் மாலையில்தான் கூரைக்கு அடியில் வந்து நிற்கிறது.

இரண்டாவது இடம், வங்கக் கடல். இங்கே வெயில் மேற்பரப்பிலேயே நின்றுவிடுவதில்லை; நீருக்குள் பல மீட்டர் ஊடுருவுகிறது. போதாததற்கு அலையும் காற்றும் கலக்கிவிடுகின்றன. மேல் பத்து மீட்டர் நீர் ஒன்றாகக் கலப்பதாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்குக் கீழே பத்தாயிரம் கிலோ தண்ணீர். ஒரு டிகிரி ஏற்ற வேண்டுமானால் 11 யூனிட்டுக்கு மேல் தேவை. ஆறு யூனிட்டும் முழுதாக உள்ளே போனாலும் அரை டிகிரிதான் ஏறும். மாடியில் 100 டிகிரி, கடலில் அரை டிகிரி. வெயில் ஒன்றே.

ஒரு பொருளை ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு ஆற்றல் கொடுக்க வேண்டுமோ அதை அதன் வெப்பக் கொள்ளளவு என்கிறோம். தண்ணீருக்கு அது எடைக்கு எடை காங்கிரீட்டைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதோடு கலங்கும் தன்மையும் சேரும்போது கடல் பெரும் கிடங்காகிறது.

மூன்றாவது, காற்று. நம் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் வளிமண்டலத்தின் உச்சிவரை இருப்பது பத்து டன் காற்று. அத்தனையையும் ஒரு டிகிரி சூடேற்ற மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். இரண்டரை மீட்டர் ஆழக் கடல்நீருக்கும் அதே அளவுதான். அதாவது நம் தலைக்கு மேல் உள்ள வானம் முழுவதும் பிடித்துவைக்கும் வெப்பத்தைக் கடலின் மேல் இரண்டரை மீட்டரே பிடித்துவைத்துவிடும். வானிலைச் செய்தியில் தினமும் கேட்பது காற்றின் வெப்பநிலை. கடலோடு ஒப்பிட்டால் அது சிறிய கிடங்குதான்.

சென்னைக்காரர்கள் இந்நேரம் ஒரு மறுப்பு சொல்லியிருப்பார்கள். அங்கே பல நாட்களில் ஒரு மணிக்கெல்லாம் சூடு தணியத் தொடங்குகிறதே? உண்மைதான். நிலம் சூடாகி, கடல் சூடாகாமல் இருக்கும் அந்த வேறுபாட்டால் கடற்காற்று கிளம்பி உள்ளே நுழைகிறது; ஏறிக்கொண்டிருந்த வெப்பநிலையை நடுவில் வெட்டிவிடுகிறது. மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்றை மாலைவரை உள்ளே விடாத நாட்களில்தான் அந்நகரம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. வேலூருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

ஆகஸ்ட் ஏன் சுடுவதில்லை?

நாலாவது கிடங்கு ஒன்று இருக்கிறது. வெப்பமானியை வைத்து அதைப் பிடிக்க முடியாது.

ஒரு லிட்டர் தண்ணீரை வெயிலில் ஆவியாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் செலவாகிறது. அந்த ஆற்றல் நீரைச் சூடாக்குவதில்லை. நீர்மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதற்கே போய்விடுகிறது. பாடநூல்கள் இதை உள்ளுறை வெப்பம் என்கின்றன. ஆறு யூனிட் முழுவதையும் இப்படிச் செலவழித்தால் ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒன்பது லிட்டர் வரை ஆவியாகும்.

இப்போது மே மாத வேலூரைப் பாருங்கள். ஜனவரியிலிருந்து மழை அரிது. மேல்மண் வறண்டுவிட்டது. ஆவியாக்க ஈரம் இல்லாததால் வெயில் முழுக்க மண்ணையும் கல்லையும் சுடுகிறது. ஆகஸ்டில் நிலைமை வேறு. தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் வரவிலேயே ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மாலை இடிமழைகளால் மண்ணில் ஈரம் இருக்கிறது; உள்ளே வந்த வெயிலில் பெரும்பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்கப் போகிறது. சூரியன் அதே உச்சியில் இருந்தும் சூடு சில டிகிரி குறைவு. நட்ட வயலின் வரப்பில் நடப்பவருக்கும் தார்ச்சாலையில் நடப்பவருக்கும் ஒரே பகலில் தெரியும் வேறுபாடும் இதுவே.

ஆவியோடு போன வெப்பம் தொலைந்துபோவதில்லை. மேலே போய் ஆவி குளிர்ந்து மேகத்துளியாகும்போது, வாங்கிய அத்தனையையும் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. புயலை இயக்குவது இந்த வெப்பம்தான். வங்கக் கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் மேலே மிதப்பதால் மேல்நீர் ஆழத்துக் குளிர்நீரோடு எளிதில் கலப்பதில்லை. வெதுவெதுப்பு மேலேயே தங்குகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறியபோது சூரியன் தெற்கே வெகுதூரம் போயிருந்தது. அன்று தென்னைகளைச் சாய்த்த ஆற்றலில் முந்தைய மாதங்களின் வெயிலுக்கும் பங்குண்டு.

இதைவிட நீண்டகால இருப்பு தாவரங்கள். பூமி வாங்கும் வெயிலில் ஆயிரத்தில் ஓரிரு பங்கைத்தான் அவை பிடிக்கின்றன. ஆனால் சில நேரம் விடாமல் பிடித்துவைக்கின்றன. நெய்வேலியில் வெட்டியெடுத்து எரிக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய வெயில்.

இரவின் செலவு

விண்வெளியில் காற்று இல்லை, நீர் இல்லை. பூமி தன் வெப்பத்தை அங்கே அனுப்ப ஒரே வழிதான் உண்டு: அகச்சிவப்புக் கதிர். இந்தச் செலவு பகலிலும் நடக்கிறது. வெயிலின் ஆரவாரத்தில் தெரிவதில்லை. தெளிந்த குளிர்கால இரவில் அது தனியாகத் தெரியும்.

ராபர்ட் பார்க்கர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத் தளபதி 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் ஒரு செய்முறையை விவரித்தார். அலகாபாத்தில் ஐஸ் தயாரிக்கும் முறை. திறந்த வெளியில் முப்பது அடிச் சதுரமாக, இரண்டடி ஆழத்தில் பள்ளம் வெட்டுவார்கள். அதில் கரும்புச் சக்கையோ காய்ந்த சோளத்தட்டையோ பரப்பி, அதன்மேல் மெருகிடாத ஆழமில்லா மண்சட்டிகளை வரிசையாக அடுக்குவார்கள். காய்ச்சி ஆறவைத்த நீரை மாலையில் ஊற்றிவிட்டுப் போனால், விடிவதற்குள் சட்டிகளில் ஐஸ் படர்ந்திருக்கும். தானாக நீர் உறையும் அளவுக்கு அங்கே குளிர் அடிப்பதில்லை. காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலேதான். சட்டி நீர் தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு வீசியது. சக்கை, கீழிருந்து மண்ணின் சூடு ஏறாமல் தடுத்தது. சட்டியில் கசிந்து ஆவியான நீரும் கொஞ்சம் உதவியது. மேகம் வந்தாலோ காற்று வீசினாலோ அன்றைய உழைப்பு வீண்.

உதகைக்கு அருகே தலைக்குந்தாப் புல்வெளியில் டிசம்பர், ஜனவரி விடியலில் படியும் உறைபனியும் இதே முறையில் உருவாவதுதான். திறந்த புல் வெளுத்திருக்கும். பக்கத்து மரத்தடியில் புல் பச்சையாகவே இருக்கும். மரத்தின் கிளைகள் கீழிருந்து வரும் கதிரை வாங்கித் தம் பங்குக்குக் கீழ்நோக்கியும் வீசுவதால் புல்லின் நட்டம் குறைகிறது. இளம் தேயிலைச் செடிகள் கருகாமலிருக்க நீலகிரி விவசாயிகள் தழை போட்டு மூடுவதும் இந்த உத்தியே. தடுப்பது குளிர்காற்றை என்று தோன்றும். உண்மையில் மறைப்பது வானத்தை.

சென்னையில் இந்த வித்தை பலிக்காது. அங்கே இரவுக் காற்றில் ஈரம் அதிகம். நீராவி அந்தக் கதிர்களை வாங்கிப் பாதி வழியிலேயே கீழே திருப்பிவிடுகிறது. ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் அழைக்கப்படும் கடற்கரைக் கட்டடத்துக்கு 1840களில் ஐஸ் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது.

ஐந்து கிலோமீட்டர் உயரத்தில்

பூமி 240 வாட் வாங்குகிறது. கணக்கு நேராக வேண்டுமானால் 240 வாட் வெளியே அனுப்ப வேண்டும். அவ்வளவு கதிர் வீச ஒரு பரப்பு எந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று பார்த்தால் விடை மைனஸ் 18 டிகிரி. நாம் வாழும் தரையின் உலகச் சராசரியோ பிளஸ் 15 டிகிரியை ஒட்டி இருக்கிறது. இந்த 33 டிகிரி எங்கிருந்து வந்தது?

பிரான்சின் ஜோசப் ஃபூரியே 1820களிலேயே, வளிமண்டலம் ஒளியை எளிதாக உள்ளே விட்டு வெப்பத்தை அவ்வளவு எளிதில் வெளியே விடுவதில்லை என்று ஊகித்தார். 1856-இல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபுட் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய் மற்றவற்றைவிட அதிகம் சூடானது. 1859-இல் லண்டனில் ஜான் டிண்டால் அளந்து காட்டினார்: காற்றில் பெரும்பங்காக உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிரைத் தடுப்பதில்லை, மிகச் சிறிய அளவில் உள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் தடுக்கின்றன. பசுமை இல்ல விளைவு என்று நாம் இன்று சொல்வது இதைத்தான்.

தரையிலிருந்து கிளம்பும் கதிரில் பெரும்பங்கு நேராக விண்வெளிக்குப் போய்விடுவதில்லை. வழியில் வாங்கப்பட்டு, மீண்டும் வீசப்பட்டு, படிப்படியாக மேலேறுகிறது. கடைசியில் அது தப்பிக்கும் இடம் சராசரியாக ஐந்து கிலோமீட்டர் உயரம். அங்கே வெப்பநிலை ஏறக்குறைய அந்த மைனஸ் 18 டிகிரி. மேலே போகப் போகக் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறைகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு 33 டிகிரி. கணக்கு பொருந்துகிறது.

கார்பன் டை ஆக்சைடு கூடினால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. தப்பிக்கும் இடம் இன்னும் உயரே போகும். அங்கே குளிர் அதிகம். குளிர்ந்த இடத்திலிருந்து வீசும் கதிர் குறைவு. வரவு அப்படியே இருக்கச் செலவு மட்டும் குறையும். கலங்கலை மேடாக்கிவிட்ட ஏரி நிலைமை. புதிய மட்டத்துக்கு நீர் ஏறும்வரை சமநிலை திரும்பாது.

மிச்சம் ஒரு வாட்

தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்குச் சுமார் 280 கார்பன் டை ஆக்சைடு. இன்று 420-க்கு மேல். இதன் விளைவாகப் பூமி வாங்குவதைவிட வெளியேற்றுவது இப்போது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வாட் குறைவாக இருக்கிறது. ஆற்றல் சமனின்மை என்பது இதற்குப் பெயர். 240-இல் ஒன்று என்றால் அற்பமாகத் தெரியும். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். பெருக்கினால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு லட்சம் கோடி யூனிட் மிச்சம். இந்தியா ஓராண்டில் உற்பத்தி செய்யும் மின்சாரத்தைப் போல ஆறு மடங்குக்குக் குறையாத ஆற்றல் ஒவ்வொரு நாளும் பூமியில் தங்குகிறது.

அதில் பத்தில் ஒன்பது பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. மாடியையும் கடலையும் ஒப்பிட்டுப் போட்ட கணக்கைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அந்த ஒன்பது பங்கும் காற்றில் தங்கியிருந்தால் நாம் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

கடல் வாங்கியதை நேரடியாகவே அளக்கிறார்கள். ஆர்கோ என்ற பன்னாட்டுத் திட்டத்தில் ஏறத்தாழ நாலாயிரம் மிதவைகள் உலகக் கடல்களில் அலைகின்றன. ஒவ்வொன்றும் இரண்டாயிரம் மீட்டர் ஆழம் வரை இறங்கி, பத்து நாளைக்கு ஒருமுறை மேலே வந்து, வழியில் அளந்த வெப்பநிலையையும் உப்பின் அளவையும் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்குகிறது. இந்தியாவின் பங்கை ஹைதராபாதிலுள்ள தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கவனித்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம், நாசாவின் செரஸ் கருவிகள் மேலிருந்து உள்ளே வரும் ஒளியையும் வெளியே போகும் கதிரையும் அளக்கின்றன. ஒன்று கிடங்கின் இருப்பை எண்ணுகிறது, மற்றது வாசலில் வரவு செலவைக் குறிக்கிறது. இரண்டும் தனித்தனியே எடுத்த கணக்குகள். 2005-க்கும் 2019-க்கும் இடையில் அந்தச் சமனின்மை ஏறத்தாழ இரு மடங்கானது என்பதில் இரண்டும் ஒத்துப்போயின.